கடைத்தெரு விளக்குக்கு யார் காசு கொடுக்கிறது?

இன்னைக்கு எபிசோட் ஒரு எக்ஸெல் ஷீட்ல இருந்து ஆரம்பிக்குது.

நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிச்சுக்கிட்டு இருந்தேன். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, அப்பாவோட கடைக்கு ஒரு மாமா வந்தார். அப்பாவுக்கு பஜார்ல சின்னதா ஒரு ஸ்டேஷனரி கடை. வந்தவர் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர், அந்தத் தெரு வியாபாரிகள் சங்கத்தோட செயலாளர். கையில ஒரு நீள நோட்டு. "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற, இந்தச் சந்தாக் கணக்கைக் கொஞ்சம் ஏத்திக் குடுப்பா"ன்னார்.

தெருவுல மொத்தம் 42 கடை. கடைக்கு மாசம் 100 ரூபாய் சந்தா. அந்தக் காசுல ராத்திரி காவலுக்கு ஒரு வாட்ச்மேன், தெருவோட ரெண்டு முனையிலயும் ஃபோகஸ் லைட், காலையில பெருக்குற அம்மாவுக்குச் சம்பளம். அவ்வளவுதான் சங்கத்தோட வேலை. நான் நோட்டைப் பார்த்து மாசம் மாசமா ஏத்திக்கிட்டே வந்தேன். முதல் வருஷம் 38 கடை கட்டியிருக்கு. ரெண்டாவது வருஷம் 23. மூணாவது வருஷம் 11.

சரி, மத்தவங்க ஏன் நிறுத்தினாங்கன்னு கேட்டேன். மாமா சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "வாட்ச்மேன் எப்படியும் தெரு பூரா சுத்துறான். காசு குடுக்காதவன் கடையை மட்டும் விட்டுட்டா போவான்?"

அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி, தீபாவளிக் குலுக்கல். தெருவுல எந்தக் கடையில வாங்கினாலும் கூப்பன், முதல் பரிசு ஸ்கூட்டர். முதல் வருஷம் கூட்டம் அள்ளுச்சு. அடுத்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் பூரா மழை. விளம்பரத்துக்குப் பணம் தர்றேன்னு சொன்ன ஒருத்தர் கடைசி நேரத்துல போனை எடுக்கலை. ஆனா பரிசு அறிவிச்சாச்சு, கொடுத்துத்தானே ஆகணும்? மாமா தன் கைக்காசைப் போட்டு ஸ்கூட்டரை வாங்கிக் கொடுத்தார். அதோட சங்கம் முடிஞ்சுது. போர்டு மட்டும் இன்னும் தொங்குது.

அந்தத் தெருவுல இருந்த யாரும் கெட்டவங்க இல்லை. அப்புறம் ஏன் இது ஓடலை? இந்தக் கேள்விக்கு ரொம்பப் பழைய பதில்கள் நம்ம ஊர்லயே இருக்குன்னு தேடினப்போதான் தெரிஞ்சுது. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

பிரச்சினைக்கு ஒரு பேரு

1965-ல மான்கர் ஓல்சன்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர், கூட்டுச் செயல்பாட்டைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன். ஒரு நன்மை எல்லாருக்கும் பொதுவா கிடைக்கும், காசு கொடுக்காதவனை அதுல இருந்து தள்ளி வைக்க முடியாதுன்னா, புத்திசாலியா யோசிக்கிற ஒவ்வொருத்தனும் 'மத்தவன் குடுக்கட்டும்'னு உக்காந்துடுவான். எல்லாரும் அப்படி உக்காந்தா, அந்த நன்மையே இல்லாம போயிடும். குழு பெருசாக ஆக இது இன்னும் மோசமாகும். இதைத்தான் 'ஃப்ரீ ரைடர்' பிரச்சினைங்கிறாங்க. நம்ம பாத்திரக் கடை மாமா இதே விஷயத்தை ஒரே வரியில சொல்லிட்டார்.

தெரு விளக்கு, காவல், சுத்தம் எல்லாமே இந்த வகைதான். அப்போ கடைத்தெரு சங்கம்னு ஒண்ணு உயிரோட இருக்கணும்னா ரெண்டு விஷயத்துக்கு விடை வேணும். ஒண்ணு, எல்லார்கிட்டயும் வாங்குறது எப்படி? ரெண்டு, கொடுக்க மாட்டேன்னு சொல்றவனை என்ன செய்றது?

பொதிக்கு இவ்வளவு

சிவகங்கை மாவட்டத்துல பிரான்மலைன்னு ஒரு ஊர். அங்கே இருக்குற சிவன் கோயில்ல 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வணிகக் கல்வெட்டு இருக்கு. ஐந்நூற்றுவர்ங்கிற பெரிய வணிகக் குழுவைச் சேர்ந்தவங்க கூடி, ஒரு தீர்மானம் போட்டிருக்காங்க: நாம வாங்கி விக்கிற ஒவ்வொரு சரக்குக்கும் இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகையைக் கோயிலுக்கு எடுத்து வைக்கணும். இதுக்குப் பேரு பட்டணப்பகுடி.

அந்தச் சரக்குப் பட்டியல்தான் சுவாரசியம். உப்பு, நெல், பாக்கு, மிளகு, சுக்கு, கடுகு, பருத்தி, நூல், இரும்பு, தேன், சந்தனம்னு போகுது. குதிரை, யானை வரைக்கும் வருது. ராஜா போட்ட வரி இல்லை இது. வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கிட்டது.

ஒரு டெவலப்பரா எனக்கு இதுல பிடிச்ச விஷயம், இது மாசச் சந்தா கிடையாது. பயன்பாட்டுக்கு ஏத்த கட்டணம். வியாபாரம் நல்லா ஓடுனா நிறைய கொடுப்ப, ஓடலைன்னா குறைச்சலா கொடுப்ப. அப்பாவோட தெருவுல ஜெராக்ஸ் கடைக்கும் நகைக் கடைக்கும் ஒரே 100 ரூபாய். நகைக் கடைக்கு அது தூசு, ஜெராக்ஸ் கடைக்கு அது ஒரு நாள் டீச்செலவு.

மகமை

இந்த யோசனை பல நூற்றாண்டு கழிச்சு வேற ஒரு பேர்ல தென் தமிழ்நாட்டுல பெருசா நிக்குது. மகமை. நகரத்தார் கணக்குப் புத்தகங்கள்லயும் மகமைக்குன்னு ஒரு பங்கு உண்டு, கோயிலுக்கும் தர்மத்துக்கும் போகும். ஆனா மகமையை வச்சு ஒரு ஊரோட பொது வாழ்க்கையையே கட்டினது, பழைய ராமநாதபுரம் பகுதியில குடியேறின நாடார் வியாபாரிகள். அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல தமிழ்நாட்டு நாடார்களைப் பத்தி எழுதின புத்தகத்துல இதை விரிவா பதிவு பண்ணியிருக்கார்.

பின்னணி இதுதான். 19-ஆம் நூற்றாண்டுல திருநெல்வேலிப் பக்கம் இருந்து வடக்கே போய் சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் மாதிரி ஊர்கள்ல இவங்க குடியேறினாங்க. விருதுபட்டிதான் இன்னைக்கு விருதுநகர். போன இடத்துல இவங்க சிறுபான்மை. சரக்கு வண்டியை ராத்திரி நிறுத்தப் பாதுகாப்பான இடம் கிடையாது, வழிப்பறி பயம் வேற. அதனால பேட்டை கட்டினாங்க. சுத்துச் சுவர், உள்ளே மாட்டு வண்டி நிறுத்த இடம், கிணறு, சரக்கை இறக்கி வைக்க வசதி. அந்தப் பேட்டைக்கு ஆகுற செலவுக்கு, அதைப் பயன்படுத்துற வியாபாரிகள்கிட்ட வசூல் பண்ணதுதான் மகமை. அதாவது முதல் செலவே அப்பாவோட தெருவுல இருந்த அதே செலவுதான். ராத்திரிக் காவல்.

பேட்டை கட்டி முடிஞ்ச பிறகும் வசூல் நிக்கலை. சேர்ந்த பணத்துல கோயில், கிணறு, சத்திரம், அப்புறம் பள்ளிக்கூடம். விருதுபட்டியில 1880-கள்ல சத்திரிய வித்யாசாலைப் பள்ளிக்கூடம் மகமைப் பணத்துல உருவாச்சு. அந்தப் பள்ளிக்காகப் பிடி அரிசியும் எடுத்தாங்க. வீட்டுல சமைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா ஒரு பானையில போட்டு வச்சிடணும். சேர்ந்ததை வாங்கிட்டுப் போய், வித்து, பள்ளிச் செலவுக்கு வச்சுக்குவாங்க. கடையில இருந்து மகமை, அடுப்படியில இருந்து பிடி அரிசி. அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு பையன் பேரு காமராஜ். படிப்பை ஆறாவதோட நிறுத்திட்டவர், பின்னாடி முதலமைச்சரா ஆகி 1956-ல பள்ளிகள்ல மதிய உணவைக் கொண்டு வந்தார்.

யாரு வசூல் பண்றது? உறவின்முறைன்னு ஒரு சபை. ஊர்ல இருக்குற குடும்பத் தலைவர்கள் எல்லாரும் அதுல உறுப்பினர். பொறுப்பு ஒரே ஆள்கிட்ட தங்காது. முறைகாரர்னு ஆள் மாத்தி ஆள், முறை வச்சு வரும். இன்னைக்கு வசூலிக்கிறவர் நாளைக்குக் கொடுக்கிறவர். அதனால கணக்கைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். எங்க பாத்திரக் கடை மாமா மூணு வருஷமும் ஒத்தை ஆளா நோட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சார். அதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

திருவிழாவும் இதுக்குள்ளேதான் வருது. விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் சுத்துவட்டாரம் பூரா தெரிஞ்ச விழா. அதை ஒட்டி பொருட்காட்சியும் நடக்கும். சாமி கும்பிட வர்றவங்க ராட்டினத்துல ஏறி, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, வீட்டுக்கு ரெண்டு சாமானும் வாங்கிட்டுத்தான் போவாங்க. கூட்டம் வந்தா கடைத்தெருவுக்கு வியாபாரம், வியாபாரம் நடந்தா மகமை, மகமை இருந்தா அடுத்த வருஷ விழா. இது ஒரு சுழற்சி. ஆனா இதுல வரிசையைக் கவனிங்க. அடித்தளமா ஏற்கனவே வருஷம் பூரா வர்ற மகமை இருக்கு, அது மேலதான் விழா உக்காந்திருக்கு. விழாவுல ஒரு வருஷம் கையைக் கடிச்சாலும் சங்கம் சாகாது.

கொடுக்காதவனை என்ன செஞ்சாங்க?

இங்கேதான் நான் கொஞ்சம் நிதானிக்கணும். மகமையைப் பத்திப் பேசுறப்போ 'பாருங்க, அந்தக் காலத்துல எவ்வளவு ஒத்துமை'ன்னு முடிச்சிடுறது சுலபம்.

உறவின்முறை வெறும் வியாபாரிகள் சங்கம் இல்லை. கல்யாணம், சொத்துத் தகராறு, குடும்பச் சண்டை எல்லாம் அங்கேதான் தீரும். அபராதம் போடும். பேச்சை மீறினவங்களை ஒதுக்கி வைக்கும். ஒதுக்கி வச்சா நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டாங்க, பொண்ணு கொடுக்க மாட்டாங்க, எடுக்க மாட்டாங்க. பொட்டலத்துக்கு நாலு காசு மகமை கொடுக்காம அந்த நிலைமைக்குப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? ஃப்ரீ ரைடர் பிரச்சினை அங்கே தீர்ந்தது ஒத்துமையால மட்டும்னு சொல்ல முடியாது. ஒதுக்கப்பட்டுடுவோம்ங்கிற பயமும் அதுல இருந்தது.

அந்த இறுக்கம் ஏன் வந்ததுங்கிறதையும் சொல்லியாகணும். இதே மக்களைத்தான் அந்தக் காலத்துல பெரிய கோயில்களுக்கு உள்ளே விட மாட்டேன்னாங்க. கமுதி கோயில் நுழைவு வழக்கு 1897-ல ஆரம்பிச்சு, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல அவங்களுக்கு எதிரா முடிஞ்சுது. 1899-ல சிவகாசியில பெரிய கலவரம், உயிர்கள் போச்சு. வெளியில கதவு சாத்தின சமூகம் உள்ளே ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்குது. மகமை அந்தப் பிடியோட பணக் கணக்கு. அதுல கட்டின பள்ளிக்கூடத்துல மத்த சாதிப் பிள்ளைகளும் படிச்சாங்கங்கிறது பெரிய விஷயம்தான். ஆனா சபையில உக்கார்றதுக்கு பிறப்புதான் தகுதி.

அப்பாவோட தெருவை நினைச்சுப் பாருங்க. நகைக் கடைக்காரர் ஒரு சாதி, செருப்புக் கடை பாய், மொபைல் கடை வச்சிருக்குற ராஜஸ்தான்காரர், புதுசா வந்த ஃப்ரான்சைஸ் பேக்கரி. இவங்களைச் சாதியும் சம்பந்தமும் கட்டிப் போடாது, போடவும் கூடாது. அப்போ சாதிக் கட்டுப்பாடு இல்லாம எல்லார்கிட்டயும் வாங்க முடியுமா? இதே முட்டுச்சந்துல போய் நின்ன இன்னொரு கடைத்தெரு இருக்கு. அது கனடாவுல.

"எங்க மேல வரி போடுங்க"

டொரண்டோவோட மேற்குப் பக்கம், ஹை பார்க் தாண்டி, ப்ளூர் வீதியில ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ்னு ஒரு கடைத்தெரு. 1960-கள்ல அதுக்கு ரெண்டு பக்கமும் அடி. 1964-ல யார்க்டேல்னு ஒரு பெரிய மால் திறந்துட்டாங்க. கார் நிறுத்த இடம் தாராளம், குளிர் காலத்துல உள்ளேயே சுத்தலாம். இன்னொரு பக்கம் சப்வே. 1966-ல ஓட ஆரம்பிச்ச பாதை 1968-ல இந்தத் தெருவுக்கு அடியிலயும் வந்துடுச்சு. அதுவரைக்கும் டிராம்ல வந்து, இறங்கி, கடை கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே நடந்து போன ஜனங்க இப்போ மண்ணுக்கு அடியில போறாங்க. பைபாஸ் போட்டதும் ஊருக்குள்ள இருக்குற ஹோட்டல் காத்தாடுமே, அதே கதை.

வியாபாரிகள்கிட்ட சங்கம் இருந்தது. விருப்பப்பட்டவங்க சந்தா கட்டுவாங்க. சிலர் கட்டினாங்க, மத்தவங்க வேடிக்கை பார்த்தாங்க. நம்ம எக்ஸெல் ஷீட்தான், இங்கிலீஷ்ல.

அவங்க எடுத்த முடிவு வினோதமானது. அரசாங்கத்துக்கிட்ட போய் 'எங்க எல்லார் மேலயும் வரி போடுங்க, ஆனா அந்தக் காசை எங்ககிட்டயே திருப்பிக் கொடுங்க'ன்னு கேட்டாங்க. ஒன்டாரியோ மாகாணம் அதுக்கு வழி செஞ்சு சட்டம் கொண்டு வந்தது. 1970-ல ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் வணிக மேம்பாட்டுப் பகுதி உருவாச்சு. உலகத்துலயே இந்த மாதிரி முதல் அமைப்புன்னு இதைத்தான் சொல்றாங்க.

இயங்குற விதம் எளிமையானது. ஒரு எல்லை வரையறுப்பாங்க. அந்த எல்லைக்குள்ள இருக்குற வணிகக் கட்டடங்களோட மதிப்புக்கு ஏத்த மாதிரி ஒரு கூடுதல் தொகை. நகராட்சி அதைச் சொத்து வரியோடயே வசூலிக்கும். வசூலிச்சதை அப்படியே சங்கத்தோட நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்துடும். குழுவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பாங்க, நகராட்சி மன்றம் நியமிக்கும். வருஷா வருஷம் பட்ஜெட்டைப் பொதுக்கூட்டத்துல வைக்கணும். கட்டடக்காரர் மட்டும் இல்லை, அங்கே வாடகைக்குக் கடை நடத்துறவரும் உறுப்பினர்தான். ஒன்டாரியோ நகராட்சிச் சட்டப்படி ஒருத்தருக்கு எத்தனை கட்டடம் இருந்தாலும் ஒரு ஓட்டுதான்.

முதல்ல அந்தக் காசுல செஞ்சது என்ன தெரியுமா? விளக்கு, பெஞ்சு, பூந்தொட்டி. பிரமாண்டமா ஒண்ணும் இல்லை. மால்ல உக்கார இடம் இருக்குன்னா தெருவுலயும் உக்கார இடம் இருக்கணும், அவ்வளவுதான். தெரு பிழைச்சுக்கிச்சு. 1970-கள் நடுவுல நியூ ஆர்லியன்ஸ், அப்புறம் நியூயார்க், 2003-ல சட்டம் போட்டு இங்கிலாந்துன்னு இந்த ஏற்பாடு பரவுச்சு.

மகமையில சாதி செஞ்ச வேலையை இங்கே சட்டம் செய்யுது. கொடுக்கலைன்னா யாரும் உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வராம இருக்க மாட்டாங்க. வரி பாக்கின்னு நோட்டீஸ் வரும், அவ்வளவுதான். எனக்கு இது ரொம்ப நாகரிகமான கட்டாயமா படுது.

குறை இல்லாம இல்லை. கட்டடக்காரர் மேல விழுற தொகை வாடகையில ஏறி கடைக்காரர் தலையில இறங்கும். தெரு அழகாக ஆக வாடகை ஏறும். சின்னக் கடைகள் தாங்க முடியாம கிளம்பும். மகமை வியாபாரத்தைப் பார்த்து வாங்குச்சு. இது கட்டடத்தோட மதிப்பைப் பார்த்து வாங்குது. விற்பனை படுத்துடுச்சுன்னு இந்தத் தொகை குறையாது.

திருவிழா எதுக்கு?

டொரண்டோவிலேயே கிழக்குப் பக்கம் டான்ஃபோர்த் வீதியில கிரேக்கக் கடைத்தெரு ஒண்ணு இருக்கு. அங்கேயும் இதே மாதிரி அமைப்பு. 1994-ல அவங்க 'டேஸ்ட் ஆஃப் தி டான்ஃபோர்த்'னு ஒரு சாப்பாட்டுத் திருவிழா ஆரம்பிச்சாங்க. ஆகஸ்ட்ல வண்டியெல்லாம் நிறுத்தி, தெருவுல நடந்துக்கிட்டே சாப்பிடலாம். கொஞ்ச வருஷத்துல அது டொரண்டோவோட பெரிய தெருத் திருவிழாக்கள்ல ஒண்ணா ஆயிடுச்சு.

ஆனா திருவிழாவுக்குப் போலீஸ், தடுப்பு, மேடை, குப்பை, இன்சூரன்ஸ்னு செலவு முன்னாடியே வரும். வரவு கடைசியில வரும், வராமலும் போகும். 2020-ல கோவிட் வந்தப்போ அந்த விழாவே நடக்கலை. ஆனா சொத்து வரியோட வர்ற சந்தா நின்னு போகலை. அதனால அமைப்பு இருந்தது, 2023-ல திருவிழாவும் திரும்ப வந்தது.

பங்குனிப் பொங்கல்ல பார்த்த அதே வரிசைதான் இது. சந்தா சலிப்பானது, யாரும் போட்டோ எடுத்துப் போட மாட்டாங்க, ஆனா அதுதான் அஸ்திவாரம். திருவிழா ஆளைக் கூட்டிட்டு வரும், தெருவுக்கு ஒரு முகம் கொடுக்கும். அஸ்திவாரம் இல்லாத இடத்துல திருவிழாவை வச்சு சங்கத்தைக் காப்பாத்தப் பார்த்தா, ஒரு வாரம் மழை போதும், எல்லாம் சரிஞ்சிடும். எங்க தெருவுல நடந்தது அதுதான். நாங்க குலுக்கலை அஸ்திவாரமா போட்டுட்டோம்.

கடைசியா

இந்த எபிசோடுக்காகப் படிச்சுக்கிட்டு இருந்தப்போ அப்பாவுக்குப் போன் பண்ணி மகமை, டொரண்டோ எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் சரிடா, அந்த ஸ்கூட்டர் காசை நாங்க பங்கு போட்டு அவருக்குக் கொடுத்திருக்கணும்"னார். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரலை. மூணாவது வருஷமும் சந்தா கட்டின அந்த 11 கடைகள்ல அப்பா கடை இருந்துதான்னு அப்போ நான் எக்ஸெல்ல பார்த்தேன். இல்லை. ரெண்டாவது வருஷம் பாதியிலேயே அப்பாவும் நிறுத்தியிருந்தார்.

நல்ல மனுஷங்களும் நிறுத்துவாங்க. அதனாலதான் கொடுக்கிறதை ஒவ்வொருத்தரோட மனசை நம்பி விடாம ஒரு ஏற்பாடா செய்யணும்னு பிரான்மலை வியாபாரிகளுக்கும், விருதுபட்டிக்காரங்களுக்கும், ப்ளூர் வீதிக்காரங்களுக்கும் தோணியிருக்கு. அந்த ஏற்பாட்டுக்கு யாரைக் காவல் வைக்கிறோம், சாதியையா சட்டத்தையாங்கிறதுலதான் உள்ளே யாருக்கு இடம், வெளியே யார்ங்கிறது முடிவாகுது.

உங்க ஊர் கடைத்தெருவுல ஒரு சங்கப் போர்டு கண்டிப்பா இருக்கும். அடுத்த தடவை போறப்போ யாராவது ஒரு கடைக்காரர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. காசு எப்படிச் சேருது? வசூல் பண்ற பொறுப்பு சுத்தி வருதா, ஒரே ஆள் சுமக்கிறாரா? கணக்கை யார் பார்க்கலாம்? பதிலை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்ல கதைகளை அடுத்த எபிசோட்ல சேர்த்துக்குவோம்.

பாத்திரக் கடை மாமாவுக்கு இந்த எபிசோட் லிங்க்கை அனுப்பியிருக்கேன். கேட்பாரான்னு தெரியலை. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அப்பாவையும் கூட்டிட்டு நேர்லயே போய்ப் பார்க்கணும்.